பதிமூன்றாவது நார்மல்

மே 3, சனி

விடுமுறை விட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் என்மேல் மூன்று புகார்கள். இரண்டு பொய், மூன்றாவதை யாராலும் நிரூபிக்க முடியாது. அம்மாவின் ஆய்வுக்கூடக் கதவில் "இங்கு இரத்தம் சுண்டவைத்துத் தரப்படும்" என்று ஓர் அட்டை தொங்கியதே, அதுதான் மூன்றாவது.

தண்டனையாக இந்த நோட்டு. ஆய்வுக்கூட நோட்டு. விதிகளையும் அம்மா சொல்லிவிட்டாள். தினமும் தேதி போட வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. மேலே ஒரே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடியில் இருக்கும் தப்பு எல்லோருக்கும் படிக்கத் தெரிய வேண்டுமாம். "தப்ப மறைக்கிறவ ஆராய்ச்சிக்கு லாயக்கில்ல" என்றாள். நான் எப்போது ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றேன்?

பெயர் எஸ்லின். வயது பதினாறு. பிளஸ் டூ போகிறேன், அதாவது போகச் சொல்கிறார்கள். ஊர் பாளையங்கோட்டை. அப்பா மின்வாரியத்தில் பொறியாளர். அம்மா டாக்டர் ஹெலன் தவமணி, இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சி. ஒருவர் இலாகா கரண்ட், மற்றவர் இலாகா இரத்தம். இரண்டும் ஒழுங்காக ஓடுகிறவரை ஊரில் எவரும் இவர்களை நினைப்பதில்லை. அம்மாவுக்கு என்மேல் இரத்தபாசம் உண்டு. பாசத்தைவிட இரத்தம் கொஞ்சம் தூக்கல்.

அம்மாவின் தற்போதைய கேள்வி இது. இரத்தப் புற்றில் ஒரு வகை, இரண்டு குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருகிறதாம். அந்த ஒட்டுப்போட்ட குரோமோசோமுக்கு ஃபிலடெல்ஃபியா என்று பெயர். கண்டுபிடித்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். (எங்கள் ஊரில் கண்டுபிடித்திருந்தால் பாளையங்கோட்டை குரோமோசோம். தப்பித்தோம்.) அந்தப் பிழை, ஒரு நோயும் இல்லாதவர்கள் உடம்பிலும் துளியூண்டு ஒளிந்திருக்குமா? பார்ப்பதற்கு அம்மாவுக்கு இருபது 'நார்மல்' பிள்ளைகள் வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டாள். பெற்றோர்கள் தயங்கினார்கள். உடனே மைக்கைப் பிடித்து, "ஊர்ப் பிள்ளைங்க கையில குத்துறதுக்கு முன்னால எம்பிள்ள கையில குத்தணும். அதான் மொற" என்று அறிவித்துவிட்டாள். கைதட்டல். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறிவித்தபிறகு படிவத்தை நீட்டினாள், அவ்வளவுதான்.

எனக்கு ஊசியென்றால் பயமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஊசிக்கும் எனக்கும் கொள்கை வேறுபாடு.

மே 5, திங்கள்

பள்ளிக்கூட ஓவிய அறையில் முகாம். அம்மாவை வார்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். இரத்தம் எடுக்க வந்தது செலின் சிஸ்டர். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். என்னைப் பார்த்ததே இல்லை.

இசக்கி வெறுமனே வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சு. படித்து முடித்து ஆய்வுக்கூட வேலைக்குத்தான் போவேன் என்பாள். ஆனால் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவள் அப்பா சுடலைமுத்து டவுன் பஸ் டிரைவர். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"வண்டியிலேர்ந்து டீசல எடுத்து என்னமும் ஆராய்ச்சி பண்ணட்டும், எம்பிள்ள உடம்புலேர்ந்து ஒரு சொட்டு எடுக்கப்படாதுன்னு நிக்காவட்டி" என்றாள்.

"எனக்கு எங்கம்மா கேக்காமலே போட்டுட்டா. உனக்குக் கேட்டும் போடல. ரெண்டு பேருக்கும் அநியாயம்."

"ஒனக்குப் பயம்."

"கொள்கை."

அதன்பிறகு ஒரு யோசனை பிறந்தது. யாருக்குப் பிறந்தது என்று எழுதப்போவதில்லை. இசக்கிக்கு இவ்வளவு மூளை கிடையாது என்று மட்டும் எழுதுகிறேன்.

"பேரு?" என்றார் செலின் சிஸ்டர்.

"எஸ்லின்" என்றாள் இசக்கி.

"டாக்டர் மகளா? அம்மா சாயலே இல்லியே."

"அப்பா சாயல் சிஸ்டர்."

நான் ஜன்னலுக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் கண்ணைக்கூட மூடவில்லை. இரத்தம் குழாயில் ஏறுவதை, சினிமா பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யார் என்பது ஒரே ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டு கோமதிநாயகம் அண்ணாச்சியின் பூட்டிய மேஜைக்குள் போய்விடும். அவர் அம்மாவின் மூத்த டெக்னீஷியன். அம்மாவுக்கே தெரியக் கூடாதாம். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயுமாம். இந்த விதியையும் போட்டவள் அம்மாதான். எண்களைக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்தது என்-13 ('என்' என்றால் நார்மல்). அதாவது இசக்கிக்கு. அதாவது எனக்கு.

பரிசு ஒரு தண்ணீர் பாட்டில், பிஸ்கட், மாம்பழ ஜூஸ். பாட்டிலை இசக்கி வைத்துக்கொண்டாள். இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு, "வயிறு ரொம்பிட்டுட்டி" என்று மீதியை என்னிடம் தள்ளினாள். நல்ல தோழி.

மே 6, செவ்வாய்

"நேத்து வலிச்சுதா?" என்று அம்மா காலையில் கேட்டாள். "எறும்பு கடிச்ச மாதிரி" என்றேன். இசக்கி சொன்னதை அப்படியே சொன்னேன். அறிக்கை துல்லியமாக இருக்க வேண்டும்.

மே 7, புதன்

அம்மா மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா பகல் வெளிச்சத்தில் வீட்டுக்கு வருவதே கிரகணம் மாதிரி. வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் தேங்காய் உடைத்தாள். பால் பிழிந்து சொதிக் குழம்பு வைத்தாள். எங்கள் வீட்டில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள், அல்லது ஈஸ்டர். இன்று வெறும் புதன்கிழமை.

எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்தாள். அவள் தட்டில் கை வைக்கவில்லை.

"போதுமா? இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுதியா?"

மூன்று தடவை போட்டுக்கொண்டேன். நான் தின்னத் தின்ன அவள் முகம் தெளிந்தது. நேற்றுவரை "கொஞ்சமாத் தின்னுட்டி" என்றவள்.

மே 8, வியாழன்

மதியம் படுத்திருந்தேன். இடது விலாவுக்கு அடியில் யாரோ அமுக்கினார்கள். அம்மா. "மூச்ச இழு... விடு... இன்னொரு தடவ இழு." எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரித்துப் புரண்டேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு கேள்விகள். ராத்திரி வேர்க்குதா? மாடிப்படி ஏறினால் அசதியா இருக்கா? பாவாடை லூசாகிட்டா?

"மே மாசம் பாளையங்கோட்டையில வேர்க்காம இருந்தாத்தான் நோயி" என்றேன்.

எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சமையலறையில் வெகுநேரம் நின்றாள். ஒரு பாத்திரமும் கழுவவில்லை.

உட்கார்ந்து யோசித்ததில் விளங்கிவிட்டது. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது! செலின் சிஸ்டர் சாயல் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அடித்தால் நான் அசையமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அன்பால் அடிக்கிறாள். நானாகவே வந்து காலில் விழ வேண்டுமாம். எனக்கே குறும்பா? இந்த வீட்டில் அந்த இலாகா என்னுடையது. விழமாட்டேன்.

மே 9, வெள்ளி

எவ்வளவு தூரம் போகிறாள் என்று சோதித்தேன். தலைமுடிக்குப் பிரவுன் சாயம் வேண்டும் என்றேன். சரி என்றாள். புது ஃபோன்? சரி. கணக்கு டியூஷனை நிறுத்திவிடலாமா? "ஒனக்கு எது இஷ்டமோ அத செய் கண்ணு."

கண்ணு! என்னை அம்மா கடைசியாகக் கண்ணு என்று கூப்பிட்டது எனக்குக் கண்ணில் மெட்ராஸ் ஐ வந்தபோது.

சாயங்காலம் கோமதிநாயகம் அண்ணாச்சி ஃபோன் செய்தார். அட்டை விவகாரத்துக்குப் பிறகு என் முகத்தையே பார்க்காதவர், "பாப்பா, நல்லாருக்கியாம்மா?" என்றார். அவரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவின் கடைசி அம்பு: "மெஷின்ல ஏதோ கோளாறு. இன்னொரு குழாய் ரத்தம் எடுக்கணும். நாளைக்கு வாரியா?"

நாளைக்குத் தலைவலி வரும் என்று சொல்லிவிட்டேன். ஏசவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மே 10, சனி

இசக்கியோடு பரோட்டா கடை. வெற்றிகளை எல்லாம் சொன்னேன். அவள் அரைப் பரோட்டாவில் நிறுத்திவிட்டாள்.

"என்னட்டி, எறும்பு கூட இதவிட அதிகமாத் திங்கும்."

"ரெண்டு வாய்லயே வயிறு அடச்சுக்கிடுது. இங்கன கல்லு வச்ச மாதிரி இருக்கு" என்று இடுப்புக்கு மேலே இடதுபக்கம் தொட்டுக் காட்டினாள்.

"பரோட்டாவ நேராத் தின்னாம இடப்பக்கமாத் தின்னிருப்ப."

சிரித்தாள். மேம்பாலப் படியில் ஏறும்போது இரண்டு தடவை நின்றாள். போன வருடம் நானூறு மீட்டரில் மாவட்டத்தில் ஓடியவள். ராத்திரி தலையணை நனைகிறதாம், பஸ் டிரைவர் வீட்டில் ஃபேன் சரியில்லையாம். "ஒங்கப்பா பஸ்ஸுக்குள்ள போய்ப் படு, ஜன்னல் நெறைய இருக்கு" என்றேன்.

"ஏட்டி, ஒங்கம்மாட்ட சொல்லிரு. பாவமா இருக்கு" என்றாள் கடைசியில்.

"அவ நடிக்கா. நீ நம்பாத."

மே 11, ஞாயிறு

கோயிலில் போதகர் பிரசங்கத்தை ஆரம்பிக்கும் முன்பே அம்மா அழுதாள். அப்பா வெளியே நின்று பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், நேற்றுத்தான் சர்வீஸ் விட்டு வந்த பைக்கை. அப்பாவும் கூட்டு. அம்மாவைவிட இயல்பாக நடிக்கிறார்.

மே 12, திங்கள்

இன்று தப்பிக்க முடியவில்லை. அம்மா காரில் ஏற்றிவிட்டாள். வழியெல்லாம் ஒரு கை என் கையைப் பிடித்திருந்தது. ஒற்றைக் கையால் அம்மா கார் ஓட்டி நான் பார்த்ததில்லை.

கோமதிநாயகம் அண்ணாச்சி முப்பது வருடமாக இரத்தம் எடுக்கிறவர். குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் எடுத்து முடித்துவிடுவார் என்று பெயர். இன்று என் கையில் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், ஊசியை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கும் கொள்கை வேறுபாடா?"

"கண்ண மூடிக்கோ பாப்பா."

மூடினேன். திறந்தபோது பெஞ்சில் படுத்திருந்தேன், நெற்றியில் ஈரத்துணி. மயங்கி விழுந்தேன் என்று அங்கே எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். ஒத்திகை பார்த்திருப்பார்கள்.

அணுக்களை எண்ணும் மெஷின் அடுத்த அறையில். அம்மா ஒரு தாளோடு வெளியே வந்தாள். வந்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், வெள்ளைக் கோட்டோடு, காலை நீட்டி.

"ஏழாயிரத்து இருநூறு" என்றாள். "அண்ணாச்சி, ஏழாயிரத்து இருநூறு. நார்மல்."

அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு சொன்னாள், அல்லது அழுதாள். இரண்டும் கலந்து வந்ததில் நான் விளங்கிக்கொண்டது இது. ஆறாம் தேதி காலையில் அண்ணாச்சி இருபது குழாய்களையும் சுழல் மெஷினில் சுற்றி எடுத்தாராம். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே வெள்ளையணுக்கள் ஒரு கோடாகப் படியும். பத்தொன்பது குழாயில் நூல் தடிமன். பதிமூன்றில் விரல் தடிமன். எண்ணிப் பார்த்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரம். பதினோராயிரத்தைத் தாண்டினாலே டாக்டர்கள் யோசிக்கிற இடம் அது. "யாரு இது, நோட்டத் திறங்க" என்று சொன்னதும் அம்மாதான். அண்ணாச்சி திறந்தார். வாசிக்கவில்லை. நோட்டை அப்படியே அம்மா பக்கம் திருப்பி வைத்தாராம். சனிக்கிழமை ஜீன் பரிசோதனையும் வந்துவிட்டது. அதே ஒட்டுப்போட்ட குரோமோசோம்.

"பின்ன ஏம்மா அன்னைக்கே என்கிட்ட மறுபடி எடுக்கல?"

"வாரவங்கள எல்லாம் ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்கன்னு ஏசுவேன். எனக்குன்னு வந்ததும் இன்னும் ஒரு நாளு, இன்னும் ஒரு நாளுன்னு தள்ளிட்டேன். ரெண்டாவது பேப்பர் வராத வரைக்கும் நீ நல்லா இருக்கல்லா."

இரவுச் சாப்பாடு ஓட்டலில். அப்பா காரில் சத்தமாகப் பாடினார். சுருதி போன திசையே தெரியவில்லை. நான் சொன்ன மொக்கை ஜோக்குக்கு அம்மா மூன்று தடவை சிரித்தாள். மூன்று ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். நானும் சிரித்தேன். மூன்றாவதன் நடுவில் இசக்கியின் அரைப் பரோட்டா ஞாபகம் வந்தது. மீதியையும் தின்று முடித்தேன்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது அம்மா அப்படியே நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ பதிமூணு யாரு?" என்றாள் அப்பாவிடம். "எண் ஒட்டுனதுல மாறிருக்கு. எங்கயோ ஒரு பிள்ள அதுக்கே தெரியாம நடந்துட்டுத் திரியுது. நான் ஐஸ்கிரீம் தின்னுட்டு வாரேன்."

இதற்கு மேல் இன்று எழுதவில்லை. பேனாவில் மை இருக்கிறது.

மே 13, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு நானும் வருகிறேன் என்று ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். செலின் சிஸ்டர் பட்டியலை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் செய்துகொண்டிருந்தார், பத்தொன்பது பிள்ளைகளும் மறுபடி வர வேண்டும் என்று. அண்ணாச்சி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். "குழாய்களில் எண் ஒட்டியதில் என்னுடைய கவனக்குறைவால்..." முத்து முத்தான கையெழுத்து.

பத்தொன்பது பேரையும் பத்தொன்பது தடவை குத்தினாலும் பதிமூன்று கிடைக்காது. பட்டியலிலேயே இல்லாதவளை எங்கே போய்த் தேடுவார்கள்?

"அம்மா, பதிமூணு இசக்கி" என்றேன்.

யாரும் நிமிரவில்லை. மறுபடி சொன்னேன், ஜன்னல், சாயல், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும்.

அண்ணாச்சி பேனாவை மூடினார். "எனக்காவ பொய் சொல்லாத பாப்பா. அந்த அட்டைய நீதான் தொங்கவிட்டன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், காட்டிக்குடுக்கல. அதுக்கு ஈடுகட்டுதியோ? வேண்டாம்மா."

"எஸ்லின், இன்னைக்கு வேணாம்" என்றாள் அம்மா. "இத வச்சு விளையாடாத."

பதினாறு வருடமாக நான் சொன்ன பொய்களுக்கெல்லாம் இந்த வீட்டில் மரியாதை இருந்தது. முதல் தடவையாக உண்மை சொல்கிறேன், ஆள் இல்லை.

"அவளுக்கு ரெண்டு வாய்லயே வயிறு அடச்சுக்கிடுதாம்" என்றேன். "அரைப் பரோட்டாதான் தின்னா. படி ஏற முடியல. ராத்திரி தலகாணி நனையுதாம். இங்கன கல்லு வச்ச மாதிரி இருக்காம்."

"எங்கன?"

தொட்டுக் காட்டினேன்.

"எடதுபக்கமா? நல்லா யோசிச்சுச் சொல்லு. எடதுபக்கமா?"

"எடதுபக்கம்."

இந்த நோயில் மண்ணீரல் வீங்குகிற பக்கம் அதுதானாம். அம்மா என்னை நம்பவில்லை. அந்த இடதுபக்கத்தை நம்பினாள். கோட்டைக் கழற்றினாள், கார் சாவியை எடுத்தாள், வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். "அவ அப்பா இப்போ எங்க இருப்பாவ?"

பஸ் நிலையத்தில் இருந்தார். சுடலைமுத்து மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா எதையும் சுற்றிவளைக்கவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள், நான் செய்தது உட்பட. அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடமாட்டேன்னு சொன்னம்லா டாக்டரம்மா" என்றார். "வேண்டாம்னுதான சொன்னேன்."

"ஆமா. எங்க தப்பு."

"எடுக்கலன்னா இது வந்திருக்காதுல்லா?"

"வந்திருக்கும். நமக்குத் தெரியாம இருந்திருக்கும்."

அவர் கிளாஸைக் கீழே வைக்க இடம் தேடினார். பெஞ்சு பக்கத்திலேயே இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

"ஒங்க மகளுக்குன்னு எத்தன நாளு நெனச்சிருந்தீங்க?"

"ஆறு நாளு."

"அந்த ஆறு நாளும் என்ன செஞ்சீங்க? இப்ப வீட்டுக்குப் போயி நான் என்ன செய்யணும்?"

இவ்வளவு படித்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சொதி வச்சேன்."

மாமா தலையாட்டினார், மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டவர் மாதிரி. கண்டக்டர் விசில் ஊதினார். "ஆளு ஏறிட்டாவ, ட்ரிப்ப முடிச்சிருதேன். கடேசி நிறுத்தம் எங்க வீட்டுப் பக்கந்தான்" என்று போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். காரை அங்கேயே விட்டுவிட்டு நாங்களும் பஸ்ஸில் ஏறினோம். ஒரு நிறுத்தத்தைக்கூட அவர் விடவில்லை. ஒரு பெண் கூடையோடு ஓடி வந்தபோது நிறுத்திக் காத்திருந்தார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மே 16, வெள்ளி

இசக்கிதான். இரத்தம், இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை, எல்லாம் பார்த்தாயிற்று. நாள்பட்ட வகை இரத்தப் புற்று. தினம் ஒரு மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும், பல வருடம் விடாமல் சாப்பிட வேண்டும் என்கிறாள் அம்மா. எல்லோருக்கும் அடங்குமா என்றேன். "பெரும்பாலானவங்களுக்கு" என்றாள் மறுபடி. அம்மா எண்களில் பொய் சொல்லமாட்டாள். இன்று சொல்லியிருக்கலாம்.

வார்டுக்குப் போனேன். இசக்கி சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் அம்மா, "தூங்குதா, அப்புறமா வா தாயி" என்றாள். இசக்கியின் கால்விரல் ஆடிக்கொண்டிருந்தது.

மே 5 குறிப்பின் மேல் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். 6, 8, 10 மேலும். படிக்கத் தெரிகிறது.

மே 20, செவ்வாய்

நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவர்களை ஆராய்கிறவர்கள். ஐந்து பேர், ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. நடந்ததற்குத் தேதி போட்ட சாட்சி இந்த நோட்டு மட்டும்தான் என்பதால், மே 3, மே 5 பக்கங்களை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். ஐந்து பெரியவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் நகைச்சுவையை மௌனமாக வாசித்தார்கள். இதைவிட நீளமான பத்து நிமிடம் எனக்கு வாய்த்ததில்லை.

"இந்த 'ஊசிக்கும் எனக்கும் கொள்கை வேறுபாடு' என்றால் என்னம்மா அர்த்தம்?" என்றார் நீதிபதி.

"பயம் சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

அண்ணாச்சியின் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவின் ஆராய்ச்சி மூன்று மாதத்துக்கு நிறுத்திவைப்பு. ஆராய்ச்சி செய்கிறவர் வீட்டு ஆட்களை இனி சேர்க்கக் கூடாது என்று புது விதி. வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் அம்மாவேதான். எழுந்திருக்கும்போது ஒருவர், "எப்படியோ, பிள்ளையோட வால்தனம் இன்னொரு பிள்ளையக் காப்பாத்திட்டு" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ள வைத்தியம் நல்லபடியா முடியட்டும் சார். ஆனா ஆரம்பிச்சது தப்புல. ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதப்படாது."

வெளியே வந்ததும் என்னிடம், "நீயும் எழுதிராத" என்றாள். எழுதவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.

மே 27, செவ்வாய்

இசக்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐந்தாவது தடவையாகப் போனேன். இன்று கதவைத் திறந்தவள் அவளேதான்.

"வா" என்றாள். ஏட்டி இல்லாத வா.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பேசுவதற்கு என்னிடம் இருந்ததெல்லாம் ஜோக்.

"வாரவங்க எல்லாம் ஒனக்கு நன்றி சொல்லச் சொல்லுதாவ" என்றாள். "எதுக்குன்னுதான் வெளங்கல. எனக்கு ஒன்மேல கோவமா வருது, அதுக்கும் காரணம் சொல்ல வரல."

"ரெண்டையும் மெதுவாச் சொல்லு. நான் எங்கயும் போகல."

"அப்பா இன்னும் ஒரு வார்த்த ஏசல. ஏசினாக்கூட நல்லாருக்கும். காலைல வண்டிய எடுத்தா ராத்திரிதான் வாராவ. வந்து, சாப்புட்டியான்னு கேக்காவ."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு நார்மல்னு வந்துச்சுல்லா. அன்னைக்கு ஒங்க வீட்ல என்ன பண்ணீங்க?"

ஓட்டல் ஞாபகம் வந்தது. காரில் அப்பா பாடியது. மூன்று ஐஸ்கிரீம்.

"ஒண்ணும் பண்ணல" என்றேன். "சாப்புட்டோம். தூங்கிட்டோம்."

இசக்கி என்னையே பார்த்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் பொய்களுக்கெல்லாம் பக்கத்து இருக்கைக்காரி.

"எங்கப்பாவா இருந்தா தெருவுக்கே லட்டு குடுத்திருப்பாவ" என்றாள்.

மாத்திரை நேரம். அட்டையை எடுத்தாள். தாள் கெட்டியாக இருந்தது, நகத்தால் இரண்டு தடவை கீறிப் பார்த்தாள், கிழியவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"இதப் பிரிச்சுக் குடுட்டி."

பிரித்துக் கொடுத்தேன். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துவரப் போனேன்.